தெரிவா, கழிவா?

(வடபகுதிக் கிராமம் ஒன்றின் வாசிகசாலை ஆண்டு விழாவில், ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை குறித்து நிகழ்த்தப்பெற்ற உரை)



இவ்வாசிகசாலையின் வாயிலிலே இன்று ஒரு பதாகை தொங்குகின்றது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேற்பட்ட புள்ளிகளைப் பெற்ற மூன்று பிள்ளைகளின் படங்கள் அதிலே உள்ளன. அப்பிள்ளைகளை மனமார வாழ்த்துகின்றோம். அவர்களுக்கு எழுத்தறிவித்த ஆசிரியர்களுக்கு நன்றி கூறுகின்றோம். ஆனால், நாம் உள்ளே வரும்பொழுது அப்பதாகையின் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த வேறு சில பிள்ளைகளையும் கண்டோம். அவர்களும் அதே வகுப்பில் இருந்தவர்கள். அதே நாளில் அதே பரீட்சையை எழுதியவர்கள். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விடயம் அவர்களைப் பற்றியது.

சந்தையிலே ஒரு சிறுவன்

நாம் அறிந்த ஒரு சிறுவனின் கதையைச் சொல்லித் தொடங்குவோம். பெயரும் ஊரும் வேண்டாம். அவனுடைய தந்தையார் குத்தகைக் காணியிலே வெங்காயம் செய்கின்றவர். ஒரு விடுமுறை நாளிலே தந்தையும் மகனும் சந்தைக்கு வந்திருந்தனர். வெங்காயம் நிறுக்கப்பட்டது, 47 கிலோ. நூற்றுக்குப் பத்துக் கழிவு என்னும் வழக்கம் நம் சந்தைகளில் நெடுங்காலம் நிலவியதையும், அதை ஒழிக்க வேண்டுமென்று கமக்காரர் ஓயாது குரல் கொடுத்ததையும் இச்சபைக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கிலோ 180 ரூபா என்று விலை பேசியாயிற்று. வியாபாரி கணக்குப் பொறியைத் தேடி எடுப்பதற்குள், அச்சிறுவன், "7,614 ரூபா" என்றான். பின்னர் தந்தையின் காதோடு, "846 ரூபா கழிவிலே போகுது அப்பா" என்றும் சொன்னான். வியாபாரி பொறியிலே தட்டிப் பார்த்தார். கணக்குச் சரியாகவே இருந்தது.

அச்சிறுவன் அவ்வாண்டு புலமைப்பரிசிற் பரீட்சை எழுதினான். வெட்டுப்புள்ளிக்கு நான்கு புள்ளிகள் குறைந்துவிட்டன. சில மாதங்களின் பின்னர் தந்தையாரைக் கண்டு, மகன் எப்படிப் படிக்கின்றான் என்று விசாரித்தோம். "அவனுக்குப் படிப்பு ஏறாது ஐயா. சோதினை சொல்லிப்போட்டுது" என்றார் அவர். சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தோளிலே போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் முகத்திலே கோபமும் இல்லை, துயரமும் இல்லை. நீதிமன்றத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டவரைப்போல அவர் நடந்தார்.

பத்து வயதுப் பிள்ளையைப் பற்றி இப்படி ஒரு தீர்ப்பைச் சொல்லும் அதிகாரத்தை இப்பரீட்சைக்கு வழங்கியவர் யார்? இக்கேள்விக்கு விடை காண வேண்டுமாயின், இப்பரீட்சை எதற்காகத் தோன்றியது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

எதற்காக வந்தது இப்பரீட்சை?

அரசாங்க சபையின் காலத்திலே, 1931 முதல் 1947 வரை கல்வி மந்திரியாக விளங்கியவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. அந்நாளில் இந்நாட்டுக் கல்வி இரு பாதைகளாகப் பிரிந்து கிடந்தது. கட்டணம் செலுத்தக்கூடியவர்களின் பிள்ளைகள் ஆங்கிலப் பாடசாலைகளிலே கற்று உத்தியோகங்களுக்குச் சென்றனர். கிராமத்துப் பிள்ளைகள் சுயமொழிப் பாடசாலைகளிலே சில வகுப்புகள் கற்று, ஏருக்கும் வலைக்கும் திரும்பினர். இப்பிளவை அகற்றக் கருதி 1943 ஆம் ஆண்டிலே கல்வி பற்றிய விசேட குழுவின் அறிக்கை வெளிவந்தது. 1945 ஆம் ஆண்டிலே இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதனோடு கூடவே, நகரத்துக் கல்லூரிகளுக்கு நிகரான ஆய்வுகூடமும் நூலகமும் விடுதியும் கொண்ட மத்திய பாடசாலைகள் 1940-களில் ஐம்பதுக்கும் மேலாகக் கிராமப்புறங்களில் எழுந்தன. மட்டக்களப்பின் வந்தாறுமூலையில் எழுந்தது அவற்றுள் ஒன்று. 1981 இல் அதே வளவிலேதான் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

அம்மத்திய பாடசாலைகளிலே யாரைச் சேர்ப்பது? ஏழைக் குடியிற் பிறந்தும் அறிவிற் சிறந்த கிராமத்துப் பிள்ளையைச் சேர்க்க வேண்டும். அவனுக்கு உணவும் உறையுளும் அரசாங்கமே அளிக்க வேண்டும். அப்பிள்ளையைக் கண்டுபிடிப்பதற்காக வந்ததே புலமைப்பரிசிற் பரீட்சை. இருட்டிலே கிடக்கும் மணியைத் தேடி எடுப்பதற்குக் கையிலே கொண்டுபோன விளக்கு என்று அதனைச் சொல்லலாம். இச்சபையிலே அமர்ந்திருக்கும் வைத்தியர்கள், பொறியியலாளர்கள், ஆசிரியர்கள், இலிகிதர்கள் ஆகியோருட் பலர் அவ்விளக்கின் ஒளியிலே கண்டெடுக்கப்பட்டவர்கள். அந்நன்றியை நாம் மறத்தல் தகாது.

விளக்கு வாயிற்கதவான வரலாறு

ஆனால், காலம் செல்லச் செல்ல அப்பரீட்சையின் பணி மாறிற்று. பெயர் மாத்திரம் மாறவில்லை.

இன்று இப்பரீட்சை இரண்டு வேலைகளைச் செய்கின்றது. ஒன்று, குறைந்த வருமானமுள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு உபகாரப் பணம் அளிப்பது. மாதம் 750 ரூபாவாக இருந்த அப்பணத்தை 1,500 ரூபாவாக உயர்த்துவதாக 2025 ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்திலே அறிவிக்கப்பட்டது. மற்றையது, ஆறாந் தரத்திலே புகழ்பெற்ற பாடசாலைகளுக்குப் பிள்ளைகளைத் தெரிந்தெடுப்பது. பெற்றோர் இரவும் பகலும் கவலைப்படுவது இவ்விரண்டாவதைப் பற்றியே அன்றி, முதலாவதைப் பற்றி அன்று. உபகாரப் பணம் வேண்டாத வீட்டுப் பிள்ளையே இன்று இப்பரீட்சைக்கு மிகுந்த பணஞ் செலவழித்து ஆயத்தம் செய்யப்படுகின்றான்.

ஏன் இந்தப் போட்டி? நாட்டிலுள்ள ஏறக்குறைய பத்தாயிரம் அரசாங்கப் பாடசாலைகளுள், உயர்தர வகுப்பிலே விஞ்ஞானப் பிரிவு உள்ளவை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அளவேயாம். அருகிலுள்ள பாடசாலையிலே விஞ்ஞானம் கற்பிக்க ஆசிரியர் இல்லை, ஆய்வுகூடத்துக்குப் பூட்டு. பெற்றோர் தூரத்துப் பாடசாலையை நாடுவதிலே என்ன வியப்பு? இடம் சில, வருவோர் பலர் என்றால் வாயிலிலே ஒரு கதவு வேண்டும். கண்டெடுப்பதற்காக ஏற்றப்பட்ட விளக்கு, கழித்துவிடுவதற்கான கதவாயிற்று.

ஆண்டுதோறும் ஏறக்குறைய மூன்று இலட்சம் பிள்ளைகள் இப்பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். அவர்களுட் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நிற்கின்றனர். பரீட்சைக்கு முந்திய சில நாட்களிலே தனியார் வகுப்புகள் நடத்துவதைப் பரீட்சைத் திணைக்களம் ஆண்டுதோறும் தடைசெய்கின்றது. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தாதீர்கள் என்று அரசாங்கம் கட்டளையிட வேண்டிய நிலைக்கு வந்துவிட்டோம்.

2024 ஆம் ஆண்டு செப்டெம்பரில் நடைபெற்ற பரீட்சையிலே நேர்ந்ததை நீங்கள் அறிவீர்கள். முதலாம் வினாத்தாளின் மூன்று வினாக்கள் முன்னரே வெளிப்பட்டுவிட்டன. நாடு கொந்தளித்தது, பெற்றோர் வீதிக்கு வந்தனர், வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. அம்மூன்று வினாக்களுக்கும் பரீட்சை எழுதிய எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப் புள்ளிகளையும் வழங்குமாறு அவ்வாண்டின் இறுதி நாளிலே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. களவு களவுதான், அதற்குக் காரணமானவர் தண்டிக்கப்படவேண்டியவரே. ஆயினும், மூன்றே மூன்று வினாக்கள் ஒரு நாட்டின் உறக்கத்தைக் கலைத்தன என்றால், ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை நாம் தொங்கவிட்டிருக்கின்றோம் என்பதே அதன் பொருள்.

அளவுகோல் எதை அளக்கின்றது?

பரீட்சை அறிவை அளக்கின்றது என்பர். அது எவ்வாறு அளக்கின்றது என்பதைச் சற்றே நோக்குவோம். ஒரே நாள், இரண்டு வினாத்தாள்கள், 200 புள்ளிகள். சிந்தனைத் திறனைச் சோதிக்கும் தாள் ஒன்று. மொழி, கணிதம், சுற்றாடல் முதலியவற்றைச் சோதிக்கும் தாள் மற்றொன்று. நேரமோ மட்டுப்பட்டது. ஆகவே, விரைவாக வாசிக்கின்ற பிள்ளையும், இத்தகைய வினாக்களை முன்னரே நூறு முறை செய்து பழகிய பிள்ளையும் முன்னிற்பர். வீட்டிலே பத்திரிகையும் புத்தகமும் உள்ள பிள்ளைக்கு வாசிப்பு விரைவு தானே வரும். மாதிரி வினாத்தாள் வாங்கப் பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பழக்கம் வரும். நாம் சொன்ன சந்தைச் சிறுவனுக்கு இவ்விரண்டும் இல்லை. அவனுடைய கணக்கு அறிவுக்குப் பரீட்சை குறைந்த புள்ளியே இட்டது. அவன் வீட்டின் வறுமையும் அப்புள்ளிக்குள்ளே சேர்ந்திருந்தது.

மேலும், 150 புள்ளி பெற்ற பிள்ளைக்கும் 149 பெற்ற பிள்ளைக்கும் என்ன வேறுபாடு? அன்று காலையிலே ஒருவனுக்குத் தலையிடி இருந்திருக்கலாம். ஒருத்தி ஒரு வினாவைத் தவறாக வாசித்திருக்கலாம். மறுநாள் அதே பரீட்சையை வைத்தால் வரிசை மாறிவிடும். அளப்பவனுடைய கை நடுங்குவதற்கு இடம்விட்டுத்தான் எந்த அளவையும் நம்ப வேண்டும். நெல்லை அளக்கும்பொழுது இதை நாம் அறிவோம்; பிள்ளையை அளக்கும்பொழுது மறந்துவிடுகின்றோம்.

இத்தகைய சோதனைகளின் மூலவரே இதனை எச்சரித்தார் என்பது பலரும் அறியாத செய்தி. பிரான்சு நாட்டு உளவியல் அறிஞர் அல்பிரட் பினே, சீமோன் என்பவரோடு சேர்ந்து 1905 ஆம் ஆண்டிலே முதலாவது நுண்ணறிவுச் சோதனையை அமைத்தார். கெட்டிக்காரரை வரிசைப்படுத்துவதற்காக அவர் அதனை அமைக்கவில்லை. பாரிசு நகரப் பாடசாலைகளிலே எப்பிள்ளைக்கு மேலதிக உதவி வேண்டும் என்று கண்டறியவே அமைத்தார். பிள்ளையின் அறிவு மாறாத ஓர் அளவு என்ற கருத்தையும் அவர் மறுத்தார். அவர் மறைந்த பின்னர் அக்கருவி அமெரிக்காவுக்குச் சென்று, மேதைகளைப் பொறுக்கும் கருவியாயிற்று. அங்கே லூயிசு டேர்மன் என்னும் பேராசிரியர் 1921 இல் தொடங்கிக் கலிபோர்னியாவிலே சோதனை வைத்து, மேதைப் பிள்ளைகள் என்று ஏறத்தாழ 1,500 பேரைத் தெரிந்தெடுத்தார். அச்சோதனைக்கு உட்பட்டும் போதிய புள்ளி பெறாது விடப்பட்டவர்களுள் இருவர் வில்லியம் சொக்லி, லூயிசு அல்வாரெசு என்போர். முன்னவர் 1956 இலும் பின்னவர் 1968 இலும் பௌதிகத்துக்கான நோபெல் பரிசைப் பெற்றனர்.

இங்கிலாந்தும் இவ்வழியே சென்றது. 1944 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பின்னர், பதினொரு வயதிலே ஒரு பரீட்சை வைத்துப் பிள்ளைகளை இலக்கணப் பாடசாலைக்கும் சாதாரணப் பாடசாலைக்கும் எனப் பிரித்தனர். ஒரு பகுதியிலே இடம் அதிகம். வேறொரு பகுதியிலே இடம் குறைவு. ஆகவே, ஓரூரில் சித்தி பெறும் புள்ளி அடுத்த ஊரிலே தோல்வியாயிற்று. பெண்பிள்ளைகளுக்கு இடம் குறைவாயிருந்த பகுதிகளில், ஆண்பிள்ளைகளைவிட அவர்கள் கூடுதலான புள்ளி பெறவேண்டியிருந்தது. பிள்ளையின் அறிவா அங்கே அளக்கப்பட்டது? வாங்குகளின் எண்ணிக்கையன்றோ அளக்கப்பட்டது! 1965 இல் அந்நாட்டு அரசாங்கமே இப்பிரிவினையைக் கைவிடுமாறு கல்வி அதிகாரிகளைக் கேட்டுக்கொண்டது. பெரும்பாலான பகுதிகள் கைவிட்டன. சில பகுதிகள் இன்றும் வைத்திருக்கின்றன.

பரீட்சையை ஒழித்துவிட்டாற் போதுமா?

இவ்வளவும் கேட்ட ஒருவர், "அப்படியாயின் பரீட்சையை ஒழித்துவிடுவோம், ஆசிரியரே நல்ல பிள்ளைகளைத் தெரிந்து அனுப்பட்டும்" என்று கூறக்கூடும். அது எளிதான வழி. ஆனால் ஆபத்தான வழி. அதற்கும் ஒரு சான்று உண்டு.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலே புறோவாட் என்னும் மாவட்டம் இருக்கின்றது. அங்கே சிறப்புத் திறமையுள்ள பிள்ளைகளுக்குத் தனி வகுப்புகள் உண்டு. முன்னர், ஆசிரியரோ பெற்றோரோ முன்மொழிந்த பிள்ளைகளையே அவ்வகுப்புகளுக்குச் சோதித்தனர். 2005 ஆம் ஆண்டு தொடக்கம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரையும் ஒரு முதற்சோதனைக்கு உட்படுத்தினர். விளைவு என்ன? அதுவரை எவர் கண்ணிலும் படாதிருந்த ஏழைப் பிள்ளைகளும், கறுப்பினப் பிள்ளைகளும், இசுப்பானிய மொழி பேசுவோரின் பிள்ளைகளும் பெருந்தொகையாக வெளிப்பட்டனர். அவர்கள் திறமை அதுவரையும் இருந்ததுதான்; முன்மொழிய ஆளில்லாதிருந்தது. பின்னர்ப் பொருளாதார நெருக்கடியினாற் பணம் இல்லையென்று அம்முதற்சோதனையைக் குறைத்தபொழுது, அப்பிள்ளைகளின் தொகையும் மீண்டும் வீழ்ந்தது.

எனவே, எல்லோருக்கும் பொதுவான சோதனை ஏழைக்குப் பகையன்று. அது அவனுடைய நண்பனாகவும் இருக்கக்கூடும். பரிந்துரையை நம்பினால், உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளையைத்தான் முதலிலே பரிந்துரைப்பர். சாதி, செல்வாக்கு, கோயிற் பகை, கட்சி என்பன எல்லாம் அப்பரிந்துரைக்குள்ளே நுழையும். நம் ஊர்களை அறிந்த எவரும் இதை மறுக்கமாட்டார். ஏணியை எரிக்கச் சொல்ல நாம் வரவில்லை. ஏணி யாருடைய சுவரிலே சாய்க்கப்பட்டிருக்கின்றது என்று கேட்கவே வந்தோம்.

கடைப்பாத்தியின் கன்று

கமக்காரராகிய பெரியோர்களே, உங்களுக்குத் தெரிந்த ஒன்றையே சொல்லுகின்றோம். கிணற்றிலிருந்து வாய்க்கால் வழியே தண்ணீர் வருகின்றது. முதற்பாத்திக்கு நிறையத் தண்ணீர். நடுப்பாத்திக்குப் போதிய தண்ணீர். கடைப்பாத்திக்கு வரும்போது வாய்க்காலே காய்ந்துவிடுகின்றது. முதற்பாத்தியிலே முழ உயரம் வளர்ந்த கன்றையும் கடைப்பாத்தியிலே சாண் உயரம் வளர்ந்த கன்றையும் அருகருகே வைத்து, முன்னதே நல்ல சாதி என்று எந்தக் கமக்காரனாவது சொல்லுவானா? கடைப்பாத்தியிலே மற்றக் கன்றுகளெல்லாம் வாடிக்கிடக்க, ஒரு கன்று மாத்திரம் சாண் உயரம் நிமிர்ந்து நின்றால், அதன் வேரிலே ஏதோ ஒரு வலிமை இருக்கின்றது என்று அவன் குறித்துக்கொள்வான். அடுத்த முறை விதைக்கு அதையே விடுவான்.

பிள்ளைகளையும் அவரவர் பாத்தியோடு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிக்கு மொழி வேறுபடுவது இந்நியாயத்தை ஓரளவு ஏற்றுக்கொண்டதன் அறிகுறியே. ஆனால், மாவட்டம் என்பது மிகப் பெரிய பாத்தி. யாழ்ப்பாண நகரத்திலே வகுப்புக்கு வகுப்பு மாறி ஓடும் பிள்ளையும், நெடுந்தீவிலே கடலைப் பார்த்துக்கொண்டு கற்கும் பிள்ளையும் ஒரே மாவட்டம். கிளிநொச்சி நகரமும் அதன் எல்லையிலுள்ள குடியேற்றக் கிராமமும் ஒரே மாவட்டம். அமெரிக்காவின் ரெக்சாசு மாநிலம் 1997 ஆம் ஆண்டிலே ஒரு சட்டம் இயற்றிற்று: எந்த உயர்நிலைப் பாடசாலையாயினும், அதிலே முதற் பத்து வீதத்துக்குள் வரும் மாணாக்கருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களிலே இடம் உண்டு என்பது அச்சட்டம். அங்கே பாத்தி என்பது பாடசாலையே. பின்தங்கிய ஊரின் பாடசாலையிலே முதல்வனாக நிற்கின்றவன், முன்னேறிய ஊரின் நூறாவது பிள்ளையோடு போட்டியிடத் தேவையில்லை.

"இதனால் தகுதி குறைந்துவிடாதா?" என்று கற்றோர் சிலர் வினவுவர். ஆசிரியர் அரைகுறையாக உள்ள பாடசாலையிலே, தனியார் வகுப்பின் வாடையே அறியாமல் 135 புள்ளி பெற்ற பிள்ளையையும், மூன்றாந் தரத்திலிருந்தே மாலை வகுப்புகளிலே பிழிந்தெடுக்கப்பட்டு 155 பெற்ற பிள்ளையையும் பாருங்கள். இருவருக்கும் இனிமேல் ஒரே வாய்ப்பைக் கொடுத்தால், யார் மேலும் வளருவார் என்பதை நாம் முன்கூட்டியே தீர்மானிக்க முடியாது. அந்நிச்சயமின்மையை மனத்திற் கொண்டு செய்யும் தெரிவே தகுதியான தெரிவு.

நிறுக்கப்பட்டவர்கள் நிறுக்கும்போது

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லாமற் செல்ல முடியாது. தெரிவு என்ற சொல் நம் மக்களின் உள்ளத்திலே ஆறாத வடு ஒன்றை விட்டுச் சென்றிருக்கின்றது. 1971 ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகப் பிரவேசத்திலே, மருத்துவத் துறைக்குச் சிங்கள மொழி மாணாக்கருக்கு 229 புள்ளிகளும் தமிழ் மொழி மாணாக்கருக்கு 250 புள்ளிகளும் வேண்டுமென வெட்டுப்புள்ளிகள் விதிக்கப்பட்டன. ஒரே பரீட்சைக்கு இரண்டு படிக்கற்கள்! தரப்படுத்தல் என்னும் அச்சொல் ஒரு தலைமுறையின் வாழ்வைத் திசைதிருப்பியது.

பின்னர் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அது யாழ்ப்பாணத்து மாணாக்கரைக் கடுமையாகத் தாக்கியது. அதே ஒதுக்கீடு, அதுவரை பல்கலைக்கழக வாயிலையே காணாதிருந்த மன்னார், வவுனியா, மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வழியைத் திறந்தது என்பதும் உண்மை. முதலாவது உண்மையை நாம் ஆயிரம் மேடைகளிற் பேசினோம். இரண்டாவதை எத்தனை மேடைகளிற் பேசினோம்? பிறருடைய தராசிலே அநீதியாக நிறுக்கப்பட்ட ஒரு சமூகம், தன் பிள்ளைகளைத் தானே நிறுக்கும்பொழுது எவ்வளவு கவனமாக இருத்தல் வேண்டும்! ஆனால், நாம் செய்வதென்ன? நகரத்துப் பாடசாலைகளுக்கு வெளிநாட்டிலிருந்து பழைய மாணவர் அனுப்பும் பணத்திலே மாடி எழுகின்றது. மூன்று கட்டை தள்ளியிருக்கும் சிறு பாடசாலையிலே கூரை ஒழுகுகின்றது. ஊரிலே முன்னேறியவர்கள் தம் பிள்ளைகளை அச்சிறு பாடசாலையிலிருந்து எடுத்துச் சென்றுவிட்டனர். அவர்களோடு அதன் குரலும் போய்விட்டது.

வெங்காயத்திலே பத்துக்கு ஒன்று கழிப்பது அநீதி என்று கமக்காரர் போராடினர். அப்போராட்டத்தின் நியாயத்தை நாம் அனைவரும் ஏற்கின்றோம். ஆனால், பிள்ளைகளிலே பத்துக்கு எட்டைக் கழித்துவிட்டு, எஞ்சிய இரண்டின் படத்தைப் பதாகையிலே போட்டு நாதசுவரமும் வைக்கின்றோம். இது எந்தக் கணக்கு?

நாம் செய்யக்கூடியவை

குறை கூறிவிட்டு இறங்கிப் போவது எளிது. ஆகவே, நம் சிற்றறிவுக்கு எட்டிய சிலவற்றை இச்சபையின் முன் வைக்கின்றோம்.

முதலாவது, அரசாங்கத்திடம் கேட்கவேண்டியவை. ஒவ்வோர் ஆரம்பப் பாடசாலையிலும் முன்னிற்கும் சில பிள்ளைகளுக்கு, மாவட்டத்து வெட்டுப்புள்ளி எதுவாயினும், விடுதியோடு கூடிய நல்ல பாடசாலையிலே இடமும் உபகாரப் பணமும் வேண்டும். பத்து வயதிலே தவறவிட்ட பிள்ளைக்கு எட்டாந் தரத்திலே மற்றொரு வாய்ப்பு வேண்டும். பிள்ளைகள் எல்லோரும் ஒரே பருவத்திலே மலர்வதில்லை. உபகாரப் பணத்தையும் பாடசாலை அனுமதியையும் ஒரே முடிச்சிலே கட்டியதை அவிழ்த்துவிட வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, அருகிலுள்ள பாடசாலைக்குக் கணித, விஞ்ஞான ஆசிரியர் வேண்டும். ஆறாந் தரத்திலே எங்கே சேர்ந்தாலும் ஏறக்குறைய ஒரே கல்வி கிடைக்குமென்றால், ஐந்தாந் தரத்துப் பரீட்சையின் கொடுமை தானே அடங்கிவிடும்.

இரண்டாவது, நாமே செய்யவேண்டியவை. இதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. இவ்வாசிகசாலையிலே வாரத்துக்கு இரண்டு மாலை, ஊரிலுள்ள நான்காந் தர, ஐந்தாந் தரப் பிள்ளைகள் எல்லோரையும் கூட்டி வைத்து வாசிக்கச் செய்யலாம். பழைய வினாத்தாள்களை ஒன்றுக்குப் பத்தாகப் படியெடுத்துக் கொடுக்கலாம். கற்ற தொழிலிலே இருப்போர் மாதத்துக்கு ஒரு மாலையைத் தந்தாற் போதும். பணம் வாங்காமற் செய்யுங்கள். கெட்டிக்காரரை மாத்திரம் பொறுக்காமற் செய்யுங்கள். வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு எழுதும்பொழுது, பெரிய பாடசாலையின் வாயில் வளைவுக்கு முன்னர்ச் சிறிய பாடசாலையின் ஆய்வுகூடத்தை நினைக்கும்படி எழுதுங்கள்.

மூன்றாவது, பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பெறுபேறு வந்த அன்று, பிள்ளையிடம் புள்ளியைக் கேட்பதற்கு முன்னர்ச் சாப்பாட்டைக் கொடுங்கள். "அடுத்த வீட்டுப் பிள்ளை எவ்வளவு?" என்ற கேள்வியை நாவிலே வராமல் அடக்குங்கள். அப்பரீட்சை உங்கள் பிள்ளை எதற்கும் உதவான் என்று ஒருபோதும் சொல்லவில்லை. சொல்லவும் அதற்கு இயலாது. ஒரு நாளிலே சில வினாக்களுக்கு அவன் அளித்த விடைகளை மாத்திரமே அது எண்ணிற்று.

நான்காவது, அந்தப் பதாகை. அடுத்த ஆண்டு அதனைக் கட்டவேண்டாம் என்று இவ்வாசிகசாலையாரைக் கேட்டுக்கொள்கின்றோம். கட்டத்தான் வேண்டுமென்றால், ஐந்தாந் தரத்துப் பிள்ளைகள் அனைவரின் படத்தையும் போட்டுக் கட்டுங்கள்.

அந்தச் சந்தைச் சிறுவன் இப்பொழுது ஏழாந் தரத்திலே கற்கின்றான். ஊரிலே ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் மாலையிலே அவனை அழைத்து அட்சரகணிதம் சொல்லிக்கொடுக்கின்றார். கட்டணம் வாங்குவதில்லை, சில வேளைகளிலே ஒரு பிடி வெங்காயம் வாங்கிக்கொள்வார். சென்ற மாதம் அவரைச் சந்தித்தபோது, "இவன் கேட்கிற கேள்விக்கு நான் இரவிலே இருந்து படித்துக்கொண்டு வரவேண்டியிருக்கிறது" என்றார். அவன் எங்கே போய்ச் சேருவான் என்பது நமக்குத் தெரியாது. ஆனால், "படிப்பு ஏறாது" என்று சொன்ன தந்தையார், இப்பொழுது அந்தி பட்டதும் தண்ணீர் கட்டுகின்ற வேலையிலிருந்து மகனைத் தாமே எழுப்பி, "நேரமாச்சு, வாத்தியார் வீட்டுக்குப் போ" என்று அனுப்புகின்றார்.

அத்தகைய ஓர் ஆசிரியர் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றார்; இச்சபையிலும் இருக்கின்றார். அவர் இன்று வீடு செல்லும் வழியிலே, பதாகையின் கீழே நின்ற பிள்ளைகளுள் ஒருவனையாவது பெயர் சொல்லி அழைப்பாராயின், நாம் இங்கு வந்து பேசியது வீண்போகாது.